பதினைந்து பதினைந்தாக ஒரு ரயில் பயணம்

சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஐந்தாம் எண் ரயில் கிளம்புகிறது. ‘கலிபோர்னியா செஃபிர்’ என்று பெயர். 2,438 மைல் ஓடி, ஏழு மாநிலங்களைக் கடந்து, இரண்டு இரவுகளை வழியில் கழித்து, மூன்றாம் நாள் மாலை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையிலுள்ள எமரிவில்லில் பயணிகளை இறக்கிவிடும். அவசரக்காரர்கள் விமானத்தில் போய்விடுகிறார்கள். இதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஜன்னலுக்காக ஏறுகிறார்கள். காதுக்காக ஏறும் சிறு கூட்டமும் ஒன்று உண்டு.

அவர்களை அடையாளம் காண்பது எளிது. மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட லவுஞ்ச் பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் செல்போனைவிடத் தடித்த ஒரு கருவி, அதன் தலையில் ரப்பர் ஆன்டெனா, ஒரு காதில் மட்டும் இயர்போன். அதுதான் ஸ்கேனர். எஞ்சின் ஓட்டுநரும் கண்டக்டரும் பேசிக்கொள்வது, எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்கும் டிஸ்பாட்சர் வழிவிடுவது, தண்டவாளத்தோரத்து இயந்திரங்கள் தாமாகவே குரல் கொடுப்பது எல்லாம் அந்த ஒற்றைக் காதில் விழும். ரயில் ஏன் நடுக்காட்டில் நிற்கிறது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் இவர்களுக்கு விடை தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் இதைக் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ரயில், கப்பல், விமானம் போன்ற சேவைகளின் மறையீடு செய்யப்படாத ஒலிபரப்புகளைக் கேட்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. செல்போன் அலைவரிசைகளுக்கு இடமில்லை. 1994 முதல் அங்கே விற்பனைக்கு வரும் ஸ்கேனர்களில் அந்தப் பகுதியையே அடைத்துத்தான் தயாரிக்க வேண்டும். கேட்டதை வைத்து லாபம் பார்ப்பதும் குற்றத்துக்குத் துணைபோவதும் வேறு கதை. ஓடும் காரில் ஸ்கேனர் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களும் உண்டு.

புதிதாகக் கருவி வாங்கியவர் பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, ‘சர்ச்’ விசையை அழுத்திவிட்டு ரயிலேறினால் முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு குரல் தெளிவாக வரும். அடுத்தது கரகரக்கும். அதற்கடுத்தது பாதி வாக்கியத்தில் பிடிபட்டு முடிந்துபோகும். ஆன்டெனா சரியில்லை, பெட்டியின் உலோகச் சுவர் தடுக்கிறது, மலிவான கருவி என்றெல்லாம் சந்தேகம் ஓடும். பெட்டிச் சுவர் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும், அதனால்தான் ஜன்னலோரம் பிடிப்பது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் கோளாறு ‘ஸ்டெப்’பில் இருக்கிறது.

ஸ்டெப் என்பது தேடும்போது கருவி ஒரே தாவலில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்ற அளவு. 5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஐந்தைந்தாகத் தாவும், 25 என்றால் இருபத்தைந்தாக. காற்றில் எல்லா இடத்திலும் ஒலிபரப்பு இருப்பதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் இன்ன இடத்தில் ஆரம்பித்து இன்ன இடைவெளியில் என்று யாரோ எப்போதோ வரையறுத்திருக்கிறார்கள். புள்ளிக் கோலத்தில் முதல் புள்ளியும் இடைவெளியும் ஒருவர் வைத்தபடி இருக்க, இன்னொருவர் தன் கணக்கில் கம்பி இழுத்தால் என்னாகுமோ அதுதான் இங்கேயும். கருவிக்குள் தொழிற்சாலையில் எழுதிவைத்த ‘ஆட்டோ’ ஸ்டெப் ஒரு சராசரி ஊகம். பல இடங்களில் பலிக்கும், ரயில் அலைவரிசையில் அவ்வளவாகப் பலிக்காது.

செஃபிர் கிளம்பிய உடனேயே இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. சிகாகோவிலிருந்து அரோரா வரைக்கும் மூன்று தண்டவாளங்கள். புறநகர் ரயில், சரக்கு ரயில், தொலைதூர ரயில் எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதால் ரயில் ரசிகர்கள் இதைப் ‘பந்தயப் பாதை’ என்று அழைப்பார்கள். பிஎன்எஸ்எஃப் நிறுவனத்தின் இந்தப் பாதையில் பேச்சு ஓடுவது 161.100 மெகாஹெர்ட்ஸில். ஆனால் ஓட்டுநரைக் கேட்டால் அவர் இந்த எண்ணைச் சொல்லமாட்டார், ‘அறுபத்தாறு’ என்பார். அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சங்கம் தன் அலைவரிசைகளுக்கு வரிசை எண் கொடுத்திருக்கிறது. 7 முதல் 97 வரை மொத்தம் 91 சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 15 கிலோஹெர்ட்ஸ். சேனல் எண்ணை 15-ஆல் பெருக்கி 160.110-உடன் கூட்டினால் அலைவரிசை வந்துவிடும். அறுபத்தாறு பதினைந்து 990. 160.110-உடன் 0.990 சேர்த்தால் 161.100. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தில், செஃபிரை ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனம் பயன்படுத்தும் 54-ஆம் சேனலுக்கும் இதே கணக்குதான்: 160.920.

ஏழாம் சேனல் 160.215, தொண்ணூற்றேழாம் சேனல் 161.565. இந்த இரண்டையும் கீழெல்லை மேலெல்லையாகக் கொடுத்துத் தேடச் சொல்வோம். ஸ்டெப் 5 என்றிருந்தால் கருவி 271 இடங்களில் நின்று பார்க்கும். எந்தச் சேனலும் தப்பாது, ஏனென்றால் 15-இல் 5 அடங்கிவிடுகிறது. ஆனால் மூன்றில் இரண்டு நிறுத்தம் வெட்டி நிறுத்தம். போதாக்குறைக்குக் கருவி கீழிருந்து ஏறும்போது 161.095-லேயே 161.100-இன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ‘கிடைத்துவிட்டது’ என்று நின்றுவிடும். குரல் வரும், ஆனால் தெளிவாக இருக்காது. விநாடிக்கு நூறு இடம் பார்க்கும் கருவிக்கு 271-ஐச் சுற்றிவர மூன்று விநாடி ஆகும். நிலையத்திலிருந்து புறப்படக் கண்டக்டர் கொடுக்கும் ‘ஹைபால்’ உத்தரவோ அதற்குள் முடிந்துவிடலாம். 15 என்று மாற்றிவிட்டால் 91 இடம்தான், ஒரு விநாடிகூட ஆகாது.

12.5 என்று வைத்தால்தான் வேடிக்கை. 161.100-இல் கச்சிதமாக நிற்கும். அடுத்த சேனல் 161.115, கருவி நிற்பது 161.1125-இல், 2.5 விலகல், காது பொறுத்துக்கொள்ளும். அதற்கடுத்தது 161.130, கருவியோ 161.125-இல், 5 கிலோஹெர்ட்ஸ் விலகினால் கரகரப்பு நிச்சயம். இப்படியே போய் 161.175-இல்தான் மறுபடி கச்சிதமாக விழும். அதாவது ஐந்து சேனலில் ஒன்று சுத்தமாகவும், இரண்டு சுமாராகவும், இரண்டு மோசமாகவும் கேட்கும். ‘ஒரு குரல் தெளிவு, ஒரு குரல் கரகரப்பு’ என்ற புகாருக்குக் கூட்டல் கழித்தலிலேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது.

ஸ்டெப்பை 15 ஆக்கிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. கீழெல்லையை முழு எண்ணாக 160.000 என்று கொடுப்பது மனித சுபாவம். பல கருவிகள் கீழெல்லையிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். 160.000-லிருந்து பதினைந்து பதினைந்தாகப் போனால் 160.105, 160.120 என்று விழும், 160.110 வராது. அங்கே ஏற்பட்ட 5 கிலோஹெர்ட்ஸ் பிசகு கடைசிவரை கூடவே வரும். தொண்ணூற்றொரு சேனலில் ஒன்றுகூடச் சரியாகச் சிக்காது. ஸ்டெப் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஆரம்பப் புள்ளி. கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகின்றன, சிலவற்றில் அந்த ஒரு வரியும் கிடையாது.

மாற்றும் முறை கருவிக்குக் கருவி வேறுபடும். யூனிடன் நிறுவனத்தின் மேல்தட்டுக் கைக்கருவிகளில் ‘கஸ்டம் சர்ச்’ என்ற பகுதிக்குள் போய் இரண்டு எல்லைகளையும் கொடுத்து, ஸ்டெப் பட்டியலில் ஆட்டோவை நீக்கிவிட்டு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5, 6.25, 7.5, 8.33, 10, 12.5, 15 என்று பட்டியல் நீளும். ஐகாம் ஐசி-ஆர்6 போன்ற சிறு ரிசீவர்களில் ஸ்டெப் விசையை அழுத்தித் திருகைச் சுழற்றினால் போதும். அதில் 15 உண்டு, 7.5 இல்லை. ஜப்பானின் ஏஓஆர் தயாரித்த ஏஆர்8200 என்ற பழைய கைக்கருவி இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அதில் 50 ஹெர்ட்ஸின் மடங்காக எந்த ஸ்டெப்பையும் நாமே எழுதிக்கொள்ளலாம், புள்ளிகளின் வரிசையையே சற்றுத் தள்ளிவைக்கவும் தனி வசதி உண்டு. அந்தச் சுதந்திரம் இன்று விற்கிற பல கருவிகளில் இல்லாதது குறைதான்.

மாலை மங்கும் நேரத்தில் ரயில் பர்லிங்டனில் மிசிசிப்பியைக் கடந்து அயோவாவுக்குள் நுழைகிறது. இருட்டிய பிறகு ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, மக்காச்சோள வயல்களின் கறுப்புதான். ரயில் சேனலிலும் பேச்சு குறைந்துவிடும். மீடியம் வேவுக்கு அதுதான் வேளை. சூரியன் மறைந்தபின் அந்த அலைகள் நூற்றுக்கணக்கான மைல் போகும்.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ரேடியோ இங்கே திணறும். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 1975-இல் ஜெனீவாவில் செய்துகொண்ட உடன்பாடு 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. திருச்சியின் 936, கோவையின் 999, திருநெல்வேலியின் 1197 எல்லாம் ஒன்பதால் வகுபடும் எண்கள். அமெரிக்கக் கண்டங்களில் இடைவெளி 10. அமெரிக்காவும் ஒன்பதுக்கு மாறலாமா என்று யோசித்துவிட்டு 1981-இல் கைவிட்டது. ஆகவே ஒன்பது ஒன்பதாகத் தாவும் கருவி டென்வரின் 850-ஐத் தேடினால் 846-இல் நிற்கும், இல்லையென்றால் 855-இல். இரண்டிலும் சிதைந்த குரல்தான். ஒமாஹாவின் 1110-க்கு மூன்று விலகல். சால்ட் லேக் சிட்டியின் 1160 தப்பித்துக்கொள்ளும். ஒன்பதின் மடங்கான 1161 பக்கத்திலேயே இருக்கிறது.

ஒன்பதும் பத்தும் தொண்ணூறுக்கு ஒருமுறை சந்திக்கின்றன: 540, 630, 720, 810. சென்னை வானொலிக்குத் தமிழ்நாடு அறிந்த எண் 720. சிகாகோவின் புகழ்பெற்ற டபிள்யூஜிஎன் நிலையத்துக்கும் 720-தான். ஸ்டெப்பை மாற்றத் தெரியாத சென்னைக்காரருக்குக்கூட அயோவா இருட்டில் அந்த நிலையம் சுத்தமாகக் கேட்கும்.

காலையில் டென்வர். அங்கிருந்து தண்டவாளம் யூனியன் பசிபிக் நிறுவனத்துடையது, பாதை நேராக ராக்கி மலைத்தொடரில் ஏறுகிறது. ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய வளைவு. அதன் உட்புறத்தில் மணல் நிரப்பிய பழைய சரக்கு வேகன்கள் நிரந்தரமாக நிற்கின்றன, மலைக்காற்று ரயிலைத் தள்ளிவிடாமலிருக்க. பிறகு குகைக்கு மேல் குகை. கடைசியில் 1928-இல் திறந்த மொஃபட் குகைப்பாதை, பத்துக் கிலோமீட்டர் நீளம். டீசல் புகை உள்ளே வராமலிருக்க, பெட்டிவிட்டுப் பெட்டி போகாதீர்கள் என்று அறிவிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஜன்னலில் இருட்டு, ஸ்கேனரிலும் அநேகமாக மௌனம்.

மலையேறும் முன்பு செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்க வானிலைத் துறையின் ஒலிபரப்பு நாள் முழுவதும் ஓடுகிறது: 162.400-லிருந்து 162.550 வரை ஏழு சேனல்கள், 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ரயிலுக்கு வைத்த 15-உடனேயே மேலே போனால் 162.390, 162.405 என்று தாண்டிப் போய்விடும். ஏழே ஏழு என்பதால் நினைவகத்தில் எழுதிக்கொள்வதே மேல், அதற்குத் தேடல் எதற்கு?

கேட்பதற்குச் சுவையானது தண்டவாளத்தோரத்து இயந்திரங்களின் குரல்தான். சூடான அச்சைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பாதை நெடுக நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. ரயில் கடந்து முடிந்ததும், ரயில்வேயின் பெயர், மைல்கல் எண், கோளாறு உண்டா இல்லையா, அச்சுகள் எத்தனை என்பதை ஓட்டுநரின் சேனலிலேயே இயந்திரக் குரலில் ஒப்பிக்கும். இரண்டு எஞ்சின், ஒன்பது பெட்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் நான்கு அச்சு வீதம் நாற்பத்துநான்கு. லவுஞ்சில் உட்கார்ந்து கேட்பவர் விரலை மடக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டுச் சாமான் என்று இதை நினைக்கத் தேவையில்லை. 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைனில் ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டது. அந்த ரயிலின் ஒரு பேரிங் சேலம் என்ற ஊரின் கருவியைக் கடக்கும்போது சுற்றுப்புறத்தைவிட 103 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகச் சூட்டில் இருந்தது. நம் சேலமில்லை, ஒஹாயோவின் சேலம். ஏறக்குறைய 20 மைல் தள்ளி இருந்த அடுத்த கருவி 253 டிகிரி என்று கண்டு எச்சரித்தபோது நேரம் கடந்துவிட்டது.

கொலராடோவின் ஒற்றைத் தண்டவாளத்தில் செஃபிர் ஒதுங்கி நிற்க நேர்ந்தால் அப்போது அலைவரிசையின் இன்னொரு மூலையைப் பார்க்கலாம். சரக்கு ரயிலின் வாலில் கார்டு பெட்டிக்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறது. பிரேக் காற்றழுத்தத்தை எஞ்சினுக்கு 457.9375 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது சொல்லும். பேச்சில்லை, தவளைக் குரல் போன்ற ஒரு வெட்டொலி. அது கேட்டால் சில மைல் தூரத்துக்குள் சரக்கு ரயில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்ணில் 5 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப் உதவாது, 457.935-க்கும் 457.940-க்கும் நடுவே அது விழுகிறது. 12.5-இல் கச்சிதம். ரயில் பேச்சைக் கெடுத்த அதே 12.5 இங்கே சரியான விடை. ரூபி பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் படகு விடுகிறவர்களின் குட்டி வாக்கிடாக்கிகளும் 462.5625 போன்ற எண்களில் இதே அளவுக்குள் அடங்கிவிடுகின்றன.

ரயில் சேனலுக்கு 15 போதுமா, 7.5 வேண்டுமா என்று கருவி வைத்திருப்பவர்கள் சண்டை போடுவதுண்டு. 2013 ஜனவரி 1-க்குள் 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தொழில்சார் ரேடியோக்கள் எல்லாம் குறுகிய அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கெடு வைத்தது. பேச்சு மெலிந்ததால் பழைய சேனல்களுக்கு நடுவே புதிய சேனல் செருக இடம் கிடைத்தது. 160.215-க்கும் 160.230-க்கும் நடுவில் 160.2225. இவற்றையும் பிடிக்க 7.5 வேண்டும், தேட வேண்டிய இடங்கள் 181 ஆகிவிடும். ஆனால் தொலைதூரப் பாதைகளில் இன்றும் பெரும்பாலான பேச்சு பழைய சேனல்களில்தான் ஓடுகிறது. ஜன்னலோரப் பயணிக்கு 15 போதும், ஏதோ விட்டுப்போகிறது என்ற உறுத்தல் இருப்பவர்கள் 7.5 வைத்துக்கொள்ளட்டும். ஸ்டெப்பைக் குறைத்தால் குரல் பலமாகிவிடும் என்று நினைப்பது மட்டும் தவறு. ரிசீவர் எவ்வளவு அகலத்துக்குக் காதைத் திறந்து வைத்திருக்கிறது என்பது ‘நேரோ எஃப்எம்’ என்ற வேறு அமைப்பின் வேலை.

நெவாடா பாலைவனத்தில் தலைக்கு மேலே விமானங்கள் உண்டு, அமெரிக்காவில் அவற்றுக்கு 25 போதும். ஐரோப்பாவில்தான் 8.33. உண்மையில் அது 25-இல் மூன்றில் ஒரு பங்கு, முடிவில்லாமல் நீளும் 8.3333. அப்படியே 8.33 என்று எடுத்துக் கூட்டிக்கொண்டு போகும் கருவி ஒவ்வொரு 25-க்கும் 10 ஹெர்ட்ஸ் பின்தங்கும். 118-லிருந்து 136 மெகாஹெர்ட்ஸ் போவதற்குள் 7.2 கிலோஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட ஒரு முழுச் சேனல், விட்டுப்போயிருக்கும். நல்ல கருவிகள் மூன்றாவது தாவலில் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன.

டானர் கணவாயில் பனியும் பைன் மரங்களுமாக சியர்ரா நெவாடாவைத் தாண்டி, சாக்ரமென்டோவை விட்டதும் காற்றில் உப்பு வாடை வருகிறது. மார்ட்டினெஸ் ஊருக்கு முன்னால் செஃபிர் ஒரு தூக்குப் பாலத்தில் ஏறுகிறது. 1930-இல் கட்டியது, இருபுறமும் நெடுஞ்சாலைப் பாலங்கள். உள்நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் வந்தால் நடுத்தட்டு மேலே எழும், ரயில் காத்திருக்க வேண்டும். அந்தப் பேரத்தைக் கேட்கக் கடல் அலைவரிசைக்கு மாற வேண்டும்: பாலத்துக்கும் கப்பலுக்கும் 13-ஆம் சேனலான 156.650, விரிகுடாவின் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு 14-ஆம் சேனலான 156.700, அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனலான 156.800. இங்கே ஸ்டெப் 25. ஒரு காதில் கப்பல் மாலுமி வழி கேட்க, ரயில் சேனலுக்குத் திரும்பினால் நம் ஓட்டுநர் சிக்னல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏறுமுன் தேடல் வங்கிகளைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. ரயிலுக்கு 160.215-இல் ஆரம்பித்து 15, கடலுக்கு 156.050-இல் ஆரம்பித்து 25, ரயில் வாலுக்கு 457.9375 ஒற்றை எண்ணாக, மீடியம் வேவுக்கு 10. ஆட்டோவை நம்பியே தீருவேன் என்றால் அதையும் செய்யலாம், பாதி பயணம் கேட்கும்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் ஸ்கேனர் வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, ரேடியோ கருவியை வைத்திருக்கவே அனுமதி தேவை என்பதுதான் பொது விதி. அரசு விலக்களித்த வகைகளுக்கு மட்டும் அது பொருந்தாது. உங்கள் கருவி அந்த விலக்கில் வருகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பெட்டியில் வையுங்கள்.